ஏழு பி-யின் மௌனம்

பள்ளிக்கூடம் திறந்து, மழையும் பிள்ளைகளும் ஒன்றாக வந்து சேர்ந்த வாரத்திலேயே கனகவல்லியின் குரல் போய்விட்டது.

ஏழாம் வகுப்பு பி பிரிவில் பருவக்காற்றைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாள். அரபிக்கடலில் கிளம்பும் காற்று மலையில் மோதி எப்படி மேலே ஏறுகிறது என்று கையை உயர்த்திக் காட்டியபோது குரல் பாதியில் கிழிந்தது. இருமிவிட்டு மறுபடி முயன்றாள். வெறும் காற்றுதான் வந்தது. டீச்சர் காற்றை நடித்துக் காட்டுகிறார் என்று நினைத்துப் பிள்ளைகள் சிரித்தார்கள். கொஞ்ச நேரம் கழித்துத்தான் முன்வரிசை ஓய்ந்தது.

கனகவல்லி பொள்ளாச்சிக்காரி. கல்யாணமாகிப் புனே வந்து, ஔந்தில் ஒரு இங்கிலீஷ் மீடியம் பள்ளியில் பூகோளம் நடத்த ஆரம்பித்துத் தலைமுடி நரைக்கத் தொடங்கிவிட்டது. அவளுக்கு மைக் தேவைப்பட்டதில்லை. விளையாட்டு விழாவில் மைதானத்தின் இந்த முனையிலிருந்து கூப்பிட்டால் அந்த முனையில் தண்ணீர்க் குழாயடியில் நிற்கும் பையன் திரும்பிப் பார்ப்பான். வீட்டிலும் அப்படித்தான். கணவர் பாலச்சந்திரன் போசரியில் கார் உதிரிபாகக் கம்பெனியில் தரம் பார்க்கிற வேலை. நாள் முழுக்க மெஷின் இரைச்சலில் நின்றுவிட்டு வருகிறவருக்கு வாயைத் திறக்கவே தோன்றாது. மகள் வைஷு ஹிஞ்சேவாடியில் சாஃப்ட்வேர் கம்பெனியில் சேர்ந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. மூன்று பேருக்கும் சேர்த்துக் கனகவல்லியே பேசிக்கொண்டிருந்தாள்.

தொண்டை டாக்டர் ஒரு மராட்டிய அம்மாள். மூக்கு வழியாக மெல்லிய குழாயை விட்டுத் திரையைத் திருப்பிக் காட்டினார். ஈரமான சிவப்புக் குகைக்குள் வெளுத்த இரண்டு நாண்கள் நடுங்கிக்கொண்டிருந்தன. இத்தனை வருஷமாகத் தன்னிடமிருந்து வந்ததெல்லாம் இவ்வளவு சின்ன இடத்திலிருந்தா என்று கனகவல்லி பார்த்துக்கொண்டேயிருந்தாள்.

"இங்கே பாருங்கள், ரெண்டு பக்கமும் காய்ப்பு," என்றார் டாக்டர் இந்தியில். "மண்வெட்டி பிடிக்கிற கையில் காய்க்குமே, அந்த மாதிரி. ஆறு வாரம் பேசக்கூடாது. ரகசியம்கூடப் பேசக்கூடாது, அது இன்னும் கெடுதல். கரைந்தால் நல்லது. இல்லையென்றால் ஆபரேஷன்தான். அதற்கப்புறம் பழைய குரல் வருமா என்று என்னால் சொல்ல முடியாது."

வெளியே மழையில் ரிக்ஷாவுக்கு நிற்கும்போது பாலச்சந்திரன் குடையை முழுக்க அவள் பக்கம் சாய்த்துப் பிடித்துக்கொண்டார்.

"வெசனப்படாத கனகு. ஆறு வாரந்தான? கண்ண மூடித் தொறக்கறதுக்குள்ள ஓடிப் போயிரும். ஊட்டுச் சோலிய நான் பாத்துக்கறேன். நீ கையக் காட்டு, போதும்."

அவர் அவ்வளவு நீளமாகப் பேசிக் கேட்டு வெகுகாலமாகியிருந்தது.

வீடு வேறு வீடாகிவிட்டது. அதுவரை கேட்காத சத்தங்களெல்லாம் கேட்டன. குளிர்சாதனப் பெட்டி முனகுவது, பால்கனித் தகரத்தில் மழை முதலில் ஒரு மூலையிலும் அப்புறம் மறு மூலையிலும் விழுவது, கீழே கீரை விற்கிறவர் "மேத்தி, பாலக்" என்று ராகம் இழுத்துக்கொண்டு போவது. பாலச்சந்திரன் காலையில் அரிசிம்பருப்பு சாதம் வைத்தார். சீரகம் கருகிப்போனது. ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லக்கூடியவளுக்கு வாய் இல்லை.

வைஷுதான் அம்மாவின் ஃபோனில் ஒரு வசதியைக் காட்டித் தந்தாள். தமிழில் எழுதினால் ஃபோன் அதை வாசிக்கும். வைஷுவுக்குத் தமிழ் எழுத்துக் கூட்டிப் படிக்கத்தான் வரும். இரண்டு வரிக்கு மேல் போனால் கண்ணைச் சுருக்குவாள். அதனால் அம்மா எழுதி, ஃபோன் பேசி, மகள் கேட்கவேண்டியிருந்தது.

கனகவல்லி எழுதினாள். செய்தி வாசிக்கிற பெண்ணைப்போல ஃபோன் நிறுத்தி நிதானமாகச் சொன்னது: "கண்ணு. மழை நெம்ப வருது. ரெயின் கோட்டு எடுத்துக்கிட்டுப் போ. சாயங்காலம் வெரசா ஊட்டுக்கு வந்துரு."

'ஊட்டுக்கு' என்பதை அது ஊட்டி மலைக்குக் கூப்பிடுவதுபோலச் சொன்னதில் வைஷு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "அம்மா, யே கௌன் ஹை? யார் இது, உன் டப்பிங் ஆர்ட்டிஸ்டா?"

குளியலறையிலிருந்து தலை துவட்டிக்கொண்டே பாலச்சந்திரன் எட்டிப் பார்த்தார். "ஆரு கண்ணு அது? பொம்பளப் புள்ள ஆரோ வந்திருக்குதா? உக்காரச் சொல்லு, காப்பி வெக்கறேன்."

கனகவல்லியும் சிரித்தாள். சத்தம் வராத சிரிப்பு.

பள்ளியில் அப்படிச் சிரிக்க முடியவில்லை. தலைமை ஆசிரியை பட்வர்தன் மேடம் நல்ல மாதிரிதான். டாக்டர் சீட்டைப் படித்துவிட்டு மேஜையைச் சுற்றி வந்து பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். "லீவு எடுத்துக்கொள்ளுங்கள் கனகவல்லி. ஏழு பி-யை வேறொருவரிடம் கொடுத்துவிடுகிறேன். அது சமாளிக்கிற வகுப்பு இல்லை, உங்களுக்கே தெரியும். திரும்பி வந்ததும் லைப்ரரியைப் பார்த்துக்கொள்ளலாம். அங்கே பேச வேண்டிய அவசியமே இல்லை."

லைப்ரரி. கீழ்த்தளத்தில், மூலையில், மதியமே விளக்குப் போடவேண்டிய அறை. கனகவல்லி ஃபோனில் ஆங்கிலத்தில் எழுதி நீட்டினாள்: 'ஒரு மாதம் பார்க்கிறேன். முடியாவிட்டால் நானே வந்து சொல்கிறேன்.'

பட்வர்தன் மேடம் அதை இரண்டு தடவை படித்தார். "பேசாமல் எப்படிப் பாடம் நடத்துவீர்கள்?"

அது கனகவல்லிக்கும் தெரியவில்லை.

கம்ப்யூட்டர் டீச்சர் ரீனா ரத்னகிரிப் பக்கத்துப் பெண். பத்ரி என்கிற தமிழ்ப் பையனைக் கட்டிக்கொண்ட பிறகு மாமியாரிடம் தமிழ் கற்றுக்கொண்டாள். மராட்டி வாயில் அந்த வீட்டுத் தமிழ் வருவதைக் கேட்க வேடிக்கையாக இருக்கும். அக்கா என்பது மட்டும் மராட்டித் 'தாயி'யாகவே நின்றுவிட்டது. ஸ்டாஃப் ரூமில் டப்பாவைத் திறந்து ஜவ்வரிசிக் கிச்சடியை நீட்டிக்கொண்டே சொன்னாள்:

"இதுக்கு ஏன் தாயி முகத்தத் தொங்கப் போடறேள்? வகுப்புல ப்ரொஜெக்டர் சும்மாதானே தொங்கறது. பெரிய எழுத்தா வச்சுண்டு டைப் பண்ணுங்கோ. நீங்க அடிக்க அடிக்க அவா படிப்பா. அவ்ளோதான்."

அவ்வளவுதான் என்று நம்பிப் போனாள். முதல் நாள் வகுப்பு சந்தையானது. அவள் ஒவ்வொரு எழுத்தாக அடிக்க, நாற்பது பேரும் ஒவ்வொரு எழுத்தாகக் கத்தினார்கள். தவறாக அடித்ததை அழித்தால் 'ஓ' என்றார்கள். திரும்பி நின்று டைப் செய்யும் நேரத்தில் பின்வரிசையிலிருந்து காகித ராக்கெட் வந்து திரையில் இமயமலைக்கு நடுவே மோதியது. பழக்கத்தில் வாயைத் திறந்தாள். கத்தியிருந்தால் ஒரு நொடியில் அடங்கியிருக்கும். மேஜையைத் தட்டினாள், யாருக்கும் கேட்கவில்லை. பக்கத்து வகுப்பு டீச்சர் வந்து கதவைத் திறந்து பார்த்துவிட்டு, பரிதாபப்பட்டு, மறுபடி மூடிக்கொண்டு போனாள்.

அந்தப் பரிதாபம்தான் தாங்கமுடியவில்லை. ஸ்டாஃப் ரூமில் கனகவல்லி முகத்தைக் கழுவிக்கொண்டேயிருந்தாள்.

ரீனா துண்டை எடுத்துக் கொடுத்தாள். "நிறைய அடிச்சுட்டேள் போல இருக்கு. குறைச்சலாப் பண்ணுங்கோ தாயி. பசங்க உள்ள வரதுக்கு முன்னாடியே திரையில ஒரே ஒரு படம் இருக்கட்டும். அதுக்குக் கீழ ஒரே ஒரு கேள்வி. பக்கத்துல ஒரு கடிகாரம் ஓடட்டும், குறைஞ்சுண்டே வர கடிகாரம். ரெண்டு நிமிஷம். அது முடியற வரைக்கும் யாரும் பேசப்படாது. நீங்களும்."

கனகவல்லி எழுதிக் காட்டினாள்: 'நான்தான் எப்படியும் பேசமுடியாதே.'

ரீனா கிச்சடியைக் கிளறிக்கொண்டே கொஞ்சம் தயங்கினாள். "அது இல்ல. கோவிச்சுக்கப்படாது. நான் வராண்டால போறச்சே கேட்டிருக்கேன். கேள்வியக் கேக்கறேள். யாராவது வாயத் திறக்கறதுக்குள்ள பதிலையும் நீங்களே சொல்லிடறேள்."

கோபம் வந்தது. பதில் சொல்ல ஃபோனை எடுத்தாள். எழுதுவதற்குள் கோபம் ஆறிவிட்டது. பேச முடியாததில் இது ஒரு சங்கடம்.

மறுநாள் வகுப்பு விளக்கை அணைத்து, ஜன்னல் திரையைப் பாதி இழுத்து, படத்தைப் போட்டு வைத்தாள். மேலிருந்து எடுத்த சஹ்யாத்ரி என்கிற மேற்குத் தொடர்ச்சி மலை. முதுகெலும்பு மாதிரி நீண்டு கிடந்தது. ஒரு பக்கம் பாசி பிடித்ததுபோலப் பச்சை. மறுபக்கம் பழுப்பு மண். கீழே ஒரு வரி: 'ஒரே மலை. ஏன் இப்படி?' பக்கத்தில் எண்கள் குறைந்துகொண்டிருந்தன.

உணவு இடைவேளை முடிந்து இரைச்சலோடு வந்த பிள்ளைகள் இருட்டைப் பார்த்து வாசலிலேயே தடுமாறினார்கள். ஒருவரையொருவர் 'ஷ்' என்றார்கள். மழை மேகம் வெளியே இறங்கியிருந்தது. உள்ளே திரையின் பச்சை எல்லார் முகத்திலும் படிந்தது. ரீனா சொன்னபடி கனகவல்லி சுவரோரமாகப் போய் நின்றாள். ஒரு நிமிஷம் என்பது எவ்வளவு நீளம் என்று அவளுக்கு அதுவரை தெரியாது. யாரோ நாற்காலியை இழுத்தார்கள். யாரோ தும்மினார்கள். இன்னொரு நிமிஷம், தண்ணீருக்குள் கிடப்பதுபோல.

கடிகாரம் மெல்ல மணியடித்தது. வழக்கமாகக் கை தூக்குகிற நாலைந்து பேர் தூக்கினார்கள். அவர்களுக்கு நடுவே இன்னொரு கையும் மேலே வந்தது. ஜன்னலோரம் உட்காரும் மிருண்மயி. அந்தப் பெண்ணின் குரல் எப்படியிருக்கும் என்றே கனகவல்லிக்குத் தெரியாது. அவளைப் பார்த்துத் தலையசைத்தாள்.

"மேகம் கடல்லேர்ந்து கனமா வருது டீச்சர்," என்று மிருண்மயி இந்தியில் மெதுவாகச் சொன்னாள். "அவ்வளவு கனத்தோட மலை ஏற முடியாது. அதனால இந்தப் பக்கமே எல்லாத்தையும் இறக்கி வச்சிடுது. அந்தப் பக்கம் இறங்கறப்போ கையில ஒண்ணுமே இருக்காது."

அதே பாடத்தைக் கனகவல்லி எத்தனையோ வருஷமாக நடத்தியிருக்கிறாள். இப்படி ஒருநாளும் சொன்னதில்லை. இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிச் சத்தமில்லாமல் கை தட்டினாள். பிள்ளைகளும் அப்படியே செய்தார்கள். அரை இருட்டில் நாற்பது ஜோடிக் கைகள் பறவை இறக்கை மாதிரி அசைந்தன.

அதற்கப்புறம் ஒவ்வொன்றாகக் கூடியது. பாடத்தை யார் வாசிப்பது என்ற கேள்வி வந்தபோது, ஆளுக்கு ஒரு பத்தி என்று பிரித்துக் கொடுத்து, வீட்டில் பெரியவர்களின் ஃபோனில் வாசித்துப் பதிந்து அனுப்பச் சொல்லித் திரையில் எழுதினாள். இரவுச் சாப்பாட்டுக்கு முன் அவள் ஃபோனில் குரல்கள் வந்து விழ ஆரம்பித்தன.

சோஃபாவில் காலை மடக்கி உட்கார்ந்து அவற்றைக் கேட்டாள். 'பாலைவனத்தில் பகல் சுடும், இரவு குளிரும்' என்று ஒரு பையன் வாசிக்கும்போது பின்னால் குக்கர் மூன்று விசில் அடித்தது. ஒரு வீட்டில் ஆரத்தி மணி. ஒரு வீட்டில் யாரோ, "மெதுவாப் படி, தம்பி தூங்கறான்," என்று மராட்டியில் அதட்டினார்கள். மிருண்மயி வாசித்ததில் ரயில் போயிற்று. ரயில் போய்முடியும்வரை காத்திருந்து, விட்ட இடத்திலிருந்து வாசித்தாள். எல்லா வீட்டிலும் மழை பெய்தது. ஒவ்வொரு கூரையிலும் வேறு வேறு சத்தத்தில். கண்ணை மூடினால் ஔந்திலும் பாணேரிலும் சாங்கவியிலும் ஒவ்வொரு ஜன்னலாகத் தான் மிதந்து போய் எட்டிப் பார்ப்பதுபோல இருந்தது.

வைஷு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். ஒரு பக்கத்து இயர்ஃபோனை எடுத்துத் தன் காதில் வைத்துக்கொண்டாள். அம்மாவும் மகளும் அப்படித் தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்து வெகுநாளாயிற்று.

"நல்லா இருக்கு அம்மா," என்றாள் வைஷு. "எல்லாரும் வீட்டிலேயே இருக்காங்க இல்ல?"

சொன்னவள் முகத்தைக் கனகவல்லி திரும்பிப் பார்த்தாள். கண் எங்கேயோ இருந்தது. முன்பாயிருந்தால், ஏன் ஒரு மாதிரி இருக்கிறாய், ஆபீஸில் என்ன, சாப்பிட்டாயா, இளைத்துவிட்டாயே என்று கொட்டியிருப்பாள். இப்போது எழுத வேண்டும். எழுத ஃபோனை எடுத்தபோது வைஷு எழுந்து போய்விட்டாள்.

ஒரு மாதம் முடிகிற சமயம், முளா ஆற்றில் தண்ணீர் ஏறிப் பாலத்தை மூடப்போகிறார்கள் என்று ஊரெல்லாம் பேச்சாயிருந்த நாளில், பட்வர்தன் மேடம் வகுப்பைப் பார்க்க வந்தார். கனகவல்லி பகலும் இரவும் உண்டாவதைப் பற்றிப் படங்கள் தயாரித்து வைத்திருந்தாள். முதல் படம் வந்தது. கேள்வி வந்தது. கடிகாரம் ஓடியது. பாதியில் கரண்ட் போயிற்று.

திரை, விசிறி, கடிகாரம் எல்லாம் ஒரே மூச்சில் நின்றன. வெளியே வானம் சாயங்காலமாக இருண்டிருந்தது. யாரோ பின்னாலிருந்து ஊளையிட்டார்கள். மேடம் வாசலோரம் நிற்பது நிழலாகத் தெரிந்தது.

கனகவல்லி அலமாரி மேலிருந்த பூகோள உருண்டையை இறக்கி மேஜையில் வைத்தாள். ஃபோனில் டார்ச்சைப் போட்டு முன்வரிசைப் பையன் கையில் கொடுத்து, உருண்டைக்கு நேராகப் பிடிக்கச் சொல்லிச் சைகை காட்டினாள். பாதி உருண்டை பளிச்சென்றது. பாதி இருட்டில் கிடந்தது. பின்னாலிருந்த சுவரில் அதன் நிழல், சுவரளவு பெரிய கறுப்பு நிலாவாகப் படர்ந்தது. அவள் ஒற்றை விரலால் உருண்டையை மெதுவாகச் சுற்றினாள்.

பிள்ளைகள் ஒவ்வொருவராக எழுந்து வந்து மேஜையைச் சூழ்ந்தார்கள். யாரும் வரச்சொல்லவில்லை.

"இப்ப ஜப்பான்ல விடியுது," என்றான் ஒருவன்.

"நம்ம இன்னும் தூங்கறோம்."

"என் சித்தப்பா துபாய்ல இருக்கார். அவருக்கு இன்னும் இருட்டு. இரு... இரு... இப்ப நமக்கு வந்தாச்சு."

"நமக்கு வந்தப்புறம்தான் துபாய்க்கு!"

டீச்சர் பேசாததால் அவர்களும் தாழ்ந்த குரலில் பேசினார்கள். விரல் நின்றால் எல்லாரும் மூச்சைப் பிடித்தார்கள். அமெரிக்கா வெளிச்சத்துக்குள் வந்து, இந்தியா இருட்டுக்குள் போனபோது, ஒரு பெண், "குட் நைட்," என்றாள். யாரும் சிரிக்கவில்லை. மழை ஜன்னல் கண்ணாடியில் வழிந்துகொண்டிருந்தது.

மணி அடித்ததும் பட்வர்தன் மேடம் வராண்டாவில் அவளைத் தனியே அழைத்து, "ஏழு பி உங்களிடமே இருக்கட்டும்," என்றார். சொல்லிவிட்டுச் சிரித்தார். "பாருங்கள், நானும் ரகசியமாகப் பேசுகிறேன். ஒரு சனிக்கிழமை மற்ற டீச்சர்களுக்கும் இந்தச் சின்னச் சின்ன விஷயங்களைக் காட்டுங்கள். படம், கடிகாரம், குரல் பதிவு, டார்ச். பெரிய மெஷின் வாங்கிக்கொடு என்று கேட்காத விஷயங்கள்."

கனகவல்லி நனைந்துகொண்டே வீட்டுக்கு நடந்தாள். யாரிடமாவது சொல்லவேண்டும்போலிருந்தது. ஃபோன் பெண்ணை வைத்தாவது சொல்லிவிட வேண்டும். கதவைத் திறந்தால், ஹிஞ்சேவாடியில் இருக்கவேண்டிய வைஷு சமையலறைத் தரையில் சொட்டச் சொட்ட உட்கார்ந்திருந்தாள்.

கனகவல்லி துண்டை எடுத்து வந்து அவள் தலையைத் துவட்டினாள். வைஷு அந்தத் துண்டுக்குள்ளிருந்தே பேசினாள்.

"அம்மா, இப்ப நீ கத்த முடியாது இல்ல. அதான் இப்ப சொல்றேன். நான் வேலைய விட்டாச்சு. இப்ப இல்ல. மழைக்கு முன்னாடியே."

துவட்டிய கை நின்றது.

"டெய்லி ஆக்டிவா எடுத்துக்கிட்டுப் போறேன்ல? ஆபீஸ் போறதில்ல. யூனிவர்சிட்டி பக்கத்துல ஒரு அப்யாசிகா இருக்கு. எக்ஸாம் படிக்கிறவங்க எல்லாரும் வந்து உக்காந்து படிப்பாங்கல்ல, அந்த ரூம். அங்க ஒரு சீட் எடுத்திருக்கேன். எல்லாரும் படிப்பாங்க. நான் சும்மா உக்காருவேன். சாயங்காலம் வந்துடுவேன். இன்னிக்கு ரோட்டுல தண்ணி, வண்டி நின்னு போச்சு, தள்ளிக்கிட்டே வந்தேன். வர்றப்போ, பஹுத் ஹோ கயா, பொய் சொன்னது போதும், இன்னிக்குச் சொல்லிடலாம்னு..."

கனகவல்லி ஃபோனை எடுத்தாள். 'உன்னைப் படிக்க வைக்க உங்கப்பா' என்று எழுதினாள். அழித்தாள். 'எங்களை ஏமாத்தி இத்தனை நாள்' என்று எழுதினாள். ஃபோன் பெண் அதைச் செய்திபோல வாசிக்கப்போவதை நினைத்தாள். அழித்தாள். வைஷு துண்டை விலக்கி, எப்போது விழும் என்று காத்திருக்கிற கண்ணோடு ஃபோனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கனகவல்லி ஃபோனைக் கவிழ்த்து வைத்துவிட்டு அவளுக்கு எதிரில் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்தாள். ஒன்றும் செய்யவில்லை. பார்த்துக்கொண்டிருந்தாள். சுவர்க் கடிகாரம் ஓடியது. இதைவிடக் கஷ்டமான காரியத்தை அவள் எந்த வகுப்பிலும் செய்ததில்லை.

ரொம்ப நேரம் கழித்து வைஷு மறுபடி பேசினாள். இந்தமுறை மெதுவாக, சொல்லைத் தேடித்தேடி.

"எனக்கு அங்க மூச்சு முட்டுது அம்மா. யாரும் கெட்டவங்க இல்ல. காலைல லேப்டாப் திறந்தா நெஞ்சு இப்படி இப்படி அடிக்கும். பாத்ரூம்ல போய் நிப்பேன். உன்கிட்ட சொல்லலாம்னு எத்தனை வாட்டி வந்தேன் தெரியுமா? 'அம்மா'ன்னு ஆரம்பிப்பேன். நீ உடனே ஐடியா சொல்லிடுவே. யோகா பண்ணு, காலைல சீக்கிரம் எழுந்திரு, மேனேஜர்கிட்ட பேசு. எல்லாம் கரெக்ட்தான். ஆனா நான் இன்னும் சொல்லி முடிச்சிருக்க மாட்டேன்."

கனகவல்லியின் கண் நிறைந்து வழிந்தது. துடைக்கவில்லை.

"அடுத்து என்ன பண்ணப் போறேன்னு கேக்காதே. தெரியல. நிஜமாத் தெரியல," என்ற வைஷு, அம்மா கேட்கவே முடியாது என்பது நினைவுக்கு வந்து, அழுகைக்கு நடுவில் சிரித்தாள். அப்புறம் நகர்ந்து வந்து அம்மா மடியில் ஈரத் தலையை வைத்துக்கொண்டாள். "அப்பாகிட்ட நீதான் சொல்லணும். குரல் வந்த உடனே. எனக்குத் தமிழ்ல அவ்வளவு சொல்ல வராது. நீ சொன்னா அவர் கேப்பாரு."

கனகவல்லி அவள் தலையைக் கோதிக்கொண்டிருந்தாள். ஆமென்றோ இல்லையென்றோ தலையசைக்கவில்லை.

ஆறு வாரம் முடிந்து டாக்டர் மறுபடி குழாயை விட்டுப் பார்த்தார். காய்ப்பு பெரும்பாலும் கரைந்திருந்தது. ஆபரேஷன் வேண்டாம். ஒரு நாளைக்குப் பத்து நிமிஷம் பேசலாம், தாழ்ந்த குரலில், ஒரு அறையிலிருந்து இன்னொரு அறைக்குக் கூப்பிடக்கூடாது, வகுப்பில் கழுத்தில் மாட்டுகிற சின்ன மைக் இல்லாமல் இனி ஒருநாளும் கூடாது.

திரும்பி வரும்போது பாலச்சந்திரன் சந்தோஷத்தில் பேசிக்கொண்டே வந்தார். இந்த ஆறு வாரத்தில் அவருக்குப் பேசப் பழகிவிட்டிருந்தது.

"ஒரு வார்த்த பேசேன் கனகு. எப்பிடி இருக்குதுன்னு நானும் கேக்கோணுமல்ல? சும்மா எம்பேரச் சொல்லு. வேண்டாமா? சரி, ஏனுங்கன்னாவது கூப்புடு... அதுவும் இல்லையா? பத்து நிமிசத்துல ஒரு நிமிசம் எனக்குத் தரப்படாதா? அட, கொடுக்கலீன்னாப் போகுது. ஊட்டுக்குப் போயி முத வார்த்த பேசறதுன்னு வேண்டுதலாட்ட இருக்குது உனக்கு."

அவள் சிரித்துக்கொண்டே ரிக்ஷாவுக்கு வெளியே பார்த்தாள். ரோட்டோரக் குழிகளில் தேங்கிய தண்ணீரில் வானம் நகர்ந்துகொண்டிருந்தது. மேம்பாலத்தின் அடியில் ஒருவர் தள்ளுவண்டியில் சோளக்கதிர் சுட்டுக்கொண்டிருந்தார். புகை மழைக்குள்ளேயே படுத்துக்கொண்டது.

வீட்டில் வைஷு அரிசிம்பருப்பு சாதம் வைத்திருந்தாள். சீரகம் கருகவில்லை. மூன்று பேரும் கூடத்தில் தரையில் உட்கார்ந்தார்கள். பாலச்சந்திரன் முதல் வாய் எடுத்துவிட்டு, "உன்ற அம்மாவுக்குக் கொரலு வந்திருச்சு கண்ணு. ஆனாப் பேசமாட்டேங்குது," என்று புகார் சொன்னார்.

வைஷு அம்மாவைப் பார்த்தாள். நெய் ஊற்றுகிற சாக்கில் மறுபடி பார்த்தாள். இப்போது சொல் என்று அந்தக் கண் கெஞ்சியது.

கனகவல்லி தண்ணீர் ஒரு மடக்குக் குடித்தாள். கையை நீட்டி மகள் முழங்காலில் வைத்தாள்.

"நீயே சொல்லு கண்ணு," என்றாள். "நான் பக்கத்துலயே இருக்கறேன்."

மூன்று பேருமே அந்தக் குரலைக் கேட்டுத் திகைத்தார்கள். பழைய குரல் இல்லை அது. தாழ்ந்து, கொஞ்சம் மணல் கலந்து, யாரோ தூங்கி எழுந்து பேசுவதுபோல இருந்தது. பாலச்சந்திரன் எடுத்த கவளத்தைத் தட்டிலேயே வைத்துவிட்டார்.

"என்ன சொல்லோணும்? என்ன கண்ணு ஆச்சு? மேலுக்குச் சரியில்லையா? எவனாவது ஏதாச்சும்..."

கனகவல்லி அவர் பக்கம் திரும்பி, வேண்டாம் என்று விரலை மட்டும் அசைத்தாள். அவர் நிறுத்திக்கொண்டார்.

வைஷு தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மேல் மாடியில் யாரோ கட்டிலை நகர்த்தினார்கள். மழை விட்டுவிட்டுச் சொட்டியது. பாலச்சந்திரனின் வாய் இரண்டு தடவை திறந்து மூடிக்கொண்டது. மகளையும் மனைவியையும் மாறிமாறிப் பார்த்தபடி அவரும் காத்திருந்தார். சாதம் ஆறிக்கொண்டிருந்தது.

"அப்பா," என்றாள் வைஷு. "நான் வேலைய விட்டுட்டேன். மழைக்கு முன்னாடியே. ஆபீஸ் போறேன்னு பொய் சொல்லிட்டுப் போயிட்டிருந்தேன். டெய்லி."

பாலச்சந்திரன் பால்கனிக் கதவைத் திரும்பிப் பார்த்தார். தினமும் காலையில் கேட்டுக்கு வெளியே அவள் வண்டி போகும்வரை பால்கனியில் நின்று பார்க்கிறவர் அவர். அதைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறார் என்று கனகவல்லிக்குத் தெரிந்தது.

"இத்தன மழைல," என்றார் கடைசியில். அவருக்கும் குரல் போய்விட்டதுபோல இருந்தது. "இத்தன மழைல எங்க கண்ணு போயி உக்காந்திருந்தே?"

வைஷு நிமிர்ந்து அப்பாவைப் பார்த்தாள். அப்புறம், தெரிந்த தமிழிலும் தெரியாத இடத்தில் இந்தியிலுமாக, அந்த அறையைப் பற்றி, அங்கே படிக்கிறவர்களைப் பற்றி, தன் நெஞ்சு அடித்துக்கொண்டதைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தாள். பாலச்சந்திரன் கேட்டுக்கொண்டிருந்தார். டாக்டர் கொடுத்த பத்து நிமிஷத்தில் ஏறக்குறைய எல்லாமே கனகவல்லியிடம் மிச்சமிருந்தது. அவள் மகள் தட்டில் இன்னொரு கரண்டி சாதத்தை வைத்தாள்.